கம்பமும் அரை டிக்கெட்டும்

வீட்டில் அவளுக்குக் கம்பம் என்று பெயர். ஒன்பது வயது, உயரம் கம்மி. ஆனாலும் எங்கே நின்றாலும் நிமிர்ந்துதான் நிற்பாள்.

அன்று அவளுடைய அக்கா முதன்முதலாகக் கோல் காக்கும் கால்பந்து ஆட்டம். கம்பமும் அப்பாவும் மைதான வாசலுக்கு வந்தபோது புதிதாக ஒரு பலகை தொங்கியது. 'டிக்கெட் நாற்பது. சிறுவர்களுக்கும் அதே விலை.'

போன வாரம் வரை சிறுவர்களுக்கு இருபதுதான்!

அப்பா பையைத் தடவினார். அறுபது இருந்தது. "நீ போம்மா. நான் வெளியில நின்னு சத்தத்தைக் கேட்டுக்கறேன்."

"நீங்க இல்லாம நான் போகமாட்டேன்."

வாசல்காரர் இரக்கப்பட்டுக் கிசுகிசுத்தார். "பாப்பா, இந்தக் கம்பிக்கு அடியில குனிஞ்சு வந்துடு. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்."

"எங்கப்பா பஸ் கண்டக்டர். எங்க வீட்டுல யாரும் டிக்கெட் இல்லாம குனிஞ்சு போனதில்ல!"

அப்பாவின் மீசை தானாக உயர்ந்தது.

உள்ளே கிளப் செயலாளர் முகவாட்டத்தோடு உலாத்திக்கொண்டிருந்தார். "கூட்டமே இல்லையே!" என்று புலம்பினார்.

கம்பம் குரல் கொடுத்தாள். "சார், பஸ்ல எனக்கு அரை டிக்கெட். இங்க மட்டும் ஏன் முழுசு?"

"ஆட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல சார். என் உயரத்துக்கு வந்து பாருங்க."

செயலாளர் சிரித்தபடி முழங்காலிட்டார். வேலியோரம் பெரியவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"என்ன சார் தெரியுது?"

"முதுகு... பெல்ட்டு... ஒருத்தர் பையில சீப்பு."

"அதுக்கு நாற்பதா?"

வாசல்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செயலாளர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, சாக்கட்டியால் பலகையில் எழுதினார்: 'சிறுவர்களுக்கு இருபது.'

இருபதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வெளியே நின்ற பிள்ளைகள் எல்லாரும் திபுதிபுவென்று உள்ளே ஓடினார்கள். அப்பாவின் அறுபதும் சரியாகப் போயிற்று.

அப்பா அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஆட்டம் தொடங்கியது. அக்கா பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தாள். அப்போது ஒலிபெருக்கி முழங்கியது.

"இன்று வந்திருப்பவர்கள் நூற்றுப் பத்தரை பேர்!"

அரை டிக்கெட்டை அரை ஆளாக எண்ணிவிட்டார் அறிவிப்பாளர்! கம்பத்துக்கு மூக்கு சிவந்தது.

"டிக்கெட்தான் அரை! நாங்க முழு ஆளு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"மன்னிக்கவும். பெரியவர்கள் நூறு, சிறியவர்கள் இருபத்தொன்று. ஆக மொத்தம், நூற்று இருபத்தொரு முழு ஆட்கள்!"

'முழு ஆளு' என்று கத்தியது யார் குரல் என்று அக்காவுக்கா தெரியாது? கையுறையோடு கைதட்டினாள்.

அப்பாவின் தோளில் இருந்த கம்பம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.