ஒரு பொதிக்கு ஆறு பேர்

"ஆள் கிடைச்சாச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"கிடைச்சாச்சு. ஆனா சொன்னா கத்தக்கூடாது."

"இன்னும் ஒரு மணி நேரத்துல பரிமாறி வந்து நிக்கும். கத்தாம பாட்டா பாடுவேன்?"

"பூமி ஆளு."

மாசிலன் கத்தவில்லை. கையிலிருந்த நீர்வடிகட்டியை மேசைமேல் வைத்துவிட்டு மனைவியையே பார்த்தான். செவ்வந்தி அந்தப் பார்வைக்கு அகப்படாமல் ஆறு நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டாள்.

தண்மதி என்னும் அந்தக் குளிர்ந்த நிலவில் ஆறு பேர் சேர்ந்தால் ஒரு பந்தி. சேர்ந்து உண்பவர்கள்தான் ஒரே கூட்டில் வசிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, பகிர்நாள் அன்று, ஒவ்வொரு பந்தியும் பரிமாறி என்ற இயந்திரத்தின் முன்னால் ஒரு சாக்லேட் கேக் பொதியைப் பிரித்து, ஆளுக்கொரு பங்கு உண்டு காட்ட வேண்டும். யார் எவ்வளவு விழுங்கினார் என்பதை அவரவர் நாக்கின் அடியில் அரிசி அளவில் பதித்திருக்கும் நாச்சில்லு சொல்லிவிடும். ஆறு பேர் தேறாத பந்தியைக் கலைத்து, எங்கெங்கே நாற்காலி காலியோ அங்கங்கே ஒவ்வொருவராக அனுப்பிவிடுவார்கள். கணவன் மனைவி என்ற உறவு தண்மதியிலும் உண்டு. அந்த உறவுக்கென்று தனி நாற்காலி கிடையாது.

நாற்பத்தொன்றாம் பந்தியின் ஆறாவது ஆளான இராபியா போன மாதம் கல்யாணமாகிப் பன்னிரண்டாம் பந்திக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து செவ்வந்திக்குச் சரியான தூக்கம் இல்லை. வடகோடிக் கூட்டில் ஒரு நாற்காலி காலி. தென்கோடிக் கூட்டில் ஒன்று. இடையில் பதினோரு நாள் பயணம்.

இந்த வழக்கத்துக்கு ஒரு மூல ஏடு இருந்தது. தண்மதியின் முதல் நாற்பது பேரைக் செயற்கைக் கருப்பைகளில் வளர்த்தவை இயந்திரங்கள். வந்த வழியில் கப்பலின் நூலகம் எரிந்துபோனது. மனிதர் எப்படி உண்பார்கள் என்று இயந்திரங்களுக்குத் தெரியவில்லை. கப்பலின் ஒரு மூலையில், கட்டிய தொழிலாளி யாரோ மறந்துவிட்டுப் போன கேக் பொதி ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் கேக். பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. 'பொதியில் உள்ள பங்குகள்: 6. ஒரு பங்கு: 25 கிராம். ஆற்றல்: 102 கலோரி. சர்க்கரை: 11 கிராம்.' இயந்திரங்கள் அதை வியந்து படித்தன. இத்தனை சிறியதை ஆறு பேர் பகிர்ந்துண்ணும் இனம்! அதே அச்சில் பொதிகள் செய்து, அப்படியே குழந்தைகளை வளர்த்தன.

"பூமி ஆளுன்னா இன்னும் நல்லதுதானே?" என்றாள் பாத்திமுத்து. அவள் பந்தியின் மூத்தவள். வாய் சும்மா இராது. "நாம படிச்சுக் கத்துக்கிட்டோம். அவங்க பொறந்ததிலேர்ந்தே அப்படி. நீ உன் நாற்காலியை ஒழுங்கா துடை, மாசிலா. பெரிய மனுஷங்க வர்ற இடம்."

வந்தவர் பெயர் ஜெயசீலன், அம்பத்தூர்க்காரர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் குளிர்த்துயிலில் படுத்து, மெதுவாக வந்த பழைய கப்பலில் போன வாரம்தான் வந்து சேர்ந்தார். விழித்த நாளிலிருந்து குழாய்க் கஞ்சிதான். நேற்றுத்தான் அவருக்கு நாச்சில்லு பதித்தார்கள். இரட்டையரான அறவாழியும் அருள்வாழியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை உள்ளே அழைத்து வந்தார்கள்.

"வாங்கண்ணே, உட்காருங்க," என்றாள் செவ்வந்தி. "ஒண்ணும் கஷ்டம் இல்ல. நாங்க அட்டவணை ஓதுவோம். புதுசா வந்தவங்கதான் பொதியைப் பிரிச்சு முதல்ல எடுக்கணும். அவ்வளவுதான்."

"முதல்ல நானா? ரொம்ப மரியாதைம்மா," என்றார் ஜெயசீலன். கண்கள் கலங்கியிருந்தன.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நடக்கும்போது தரையில் கால் வைக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

பரிமாறி சரியான நேரத்துக்கு வந்து வாசலில் நின்றது. பொதியை ஜெயசீலன் கையில் கொடுத்துவிட்டு, ஐவரும் வழக்கப்படி கண்களை மூடிக்கொண்டார்கள்.

"ஆற்றல் நூற்றிரண்டு. மொத்தக் கொழுப்பு நாலரை. அதில் நிறைகொழுப்பு இரண்டு..."

உறை கிழியும் ஓசை கேட்டது. இனிய வாசனை எழுந்தது. செவ்வந்தி மாசிலன் விரல்களைப் பற்றிக்கொண்டாள். இன்னும் ஓராண்டு, என்று நினைத்தாள்.

"...சர்க்கரை பதினொன்று. நார்ச்சத்து சொற்பம். உப்பு சொற்பம். ஆறு பேருக்கும் நிறைக."

கண் திறந்தார்கள். மேசையில் உறை மட்டும் இருந்தது. ஜெயசீலன் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தார்.

கேக் கீழே விழுந்திருக்கும் என்று இரட்டையர் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்கள். பாத்திமுத்து உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள்.

"அண்ணே, மத்த பங்கெல்லாம் எங்கே?" என்றாள் செவ்வந்தி.

"பங்கா? எனக்குன்னு கொடுத்தீங்கன்னு நெனச்சேன்." அவருக்கும் புரியவில்லை. "இத்துனூண்டு கேக்கும்மா. எங்க ஊர்ல ஒரு டீக்கு ஒண்ணு."

"ஒரு ஆளுக்கா?"

"பின்னே?"

"அதுல ஆறு பங்குன்னு எழுதியிருக்கே! உங்க ஆளுங்க எழுதினதுதானே?"

"எல்லாப் பாக்கெட்லயும் எழுதியிருக்கும். யாரு பார்த்தா?"

"யாருமே பார்க்கலேன்னா எதுக்கு எழுதினாங்க?"

ஜெயசீலன் யோசித்தார். முந்நூறு ஆண்டுகளில் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. "சில பேர் பார்ப்பாங்க. உடம்பைக் குறைக்கிறவங்க, சுகர் உள்ளவங்க. என் தம்பி ஒருத்தன், சத்தமாப் படிச்சு, அடேயப்பா பதினொரு கிராம்தானாம்னு சந்தோஷப்படுவான்."

"அப்புறம்?"

"அப்புறம் முழுசையும் சாப்பிடுவான்."

இருநூறு ஆண்டுகளாக எத்தனை பந்திகள் கலைந்தன, எத்தனை பேர் பதினோரு நாள் தூரத்தில் பிரிந்து கிடந்தார்கள் என்று நினைக்கத் தொடங்கி, நினைக்க முடியாமல் நிறுத்தினாள் செவ்வந்தி. அந்த ஆளிடம் கோபப்படவும் வரவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு நன்றி இருந்தது.

பரிமாறி மேசையருகே வந்தது. நாச்சில்லுகளின் கணக்கைச் சரிபார்க்க அதற்கு மூன்று நொடி பிடித்தது.

"ஆறு பங்குகள் உண்ணப்பட்டன. ஒரு மனிதர் ஒரு பங்கு உண்பார் என்பது மூல ஏடு. ஆகவே இங்கே உண்டவர்கள் ஆறு பேர்."

"அப்பாடா!" என்றான் மாசிலன்.

"முதலாமவர் ஜெயசீலன். இரண்டாமவர் ஜெயசீலன். மூன்றாமவர்..."

"ஏய், ஏய், நிறுத்து! அவர் ஒரே ஆளு. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரிகிறது. ஆனால் ஏட்டில் தவறு இருக்க வாய்ப்பில்லை. அதை எழுதியவர்கள் மனிதர்கள்." பரிமாறியின் குரலில் மாற்றமே இல்லை. "நாற்பத்தொன்றாம் பந்தி நிறைந்தது. இக்கூடு அந்த அறுவருக்கு உரியது. இங்கே உண்ணாத ஐவர் எப்பந்தியையும் சேராதவர்கள்."

"நாங்க வேற பொதியைப் பிரிக்கிறோம்," என்றாள் செவ்வந்தி.

"பொதிக்கு ஆறு பேர் வேண்டும். நீங்கள் ஐவர்."

பாத்திமுத்து வெற்று உறையை மேசைமேல் வைத்தாள். செவ்வந்தி மாசிலனின் விரல்களை விடவில்லை. எதிரே ஜெயசீலன் உறையின் மடிப்பில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, ஏதோ சங்கடம் நடந்துவிட்டது என்பதுமட்டும் புரிந்தவராக, எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பரிமாறியின் பக்கம் திரும்பி, தயக்கத்தோடு கேட்டார்:

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இன்னொண்ணு கிடைக்குமா?"