நாளைக்குப் பாடுகிறேன்

காலை ஒன்பதரைக்குக் குமுதா அன்றைய முதல் பதிவைத் திரையில் திறந்தாள். யாரோ ஒருவர் பழைய சமூக வலைதளத்தில் எழுதியது: ‘இந்தப் பாட்டு, வெயில்ல வந்து மோர் குடிச்ச மாதிரி.’ ‘குளிர்ச்சி’ என்று வகைப்படுத்திவிட்டு, இணைந்திருந்த ஒலிக்கோப்பை அழித்தாள்.

திருச்சியிலிருந்த அந்தச் சொல்லாய்வகத்தில் நாற்பது பேருக்கு இதுதான் வேலை. பத்தாண்டுகளுக்கு முன் உலகெங்கும் பரவிய காய்ச்சல், பிழைத்தவர்களின் மூளையிலிருந்து இசையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பேச்சு புரிந்தது, மழைச் சத்தம் கேட்டது. பாட்டு மட்டும் தகரத்தைத் தரையில் இழுக்கும் ஓசையானது. முன்பு அது எப்படி இருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. அதைப் பற்றி எழுதிய சொற்கள் மட்டுமே மிச்சம். சொற்களைத் தொகுத்ததும் ஒலியை அழித்துவிட வேண்டும் என்பது விதி.

அடுத்த பதிவில் இருந்த பெயரைப் பார்த்ததும் அவள் கை நின்றது. சேந்தன். காய்ச்சலில் இறந்துபோன அவள் தம்பி.

‘ஆஸ்பத்திரியில அக்கா பாடுறா. நெஞ்சைச் சுத்தியிருந்த கயித்தை அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கு.’

பக்கத்து இருக்கை ரஹீம் எட்டிப் பார்த்தான்.

“என்ன மேடம், வகை தெரியலையா?”

“என் தம்பி எழுதினது ரஹீம். நான் பாடினேனாம்.”

“கேக்காதீங்க மேடம். வெறும் இரைச்சல்தான் வரும். நான் அழிச்சிடவா?”

அவள் ஒலியை ஓடவிட்டாள். தகரம் மூன்று நிமிடம் இழுபட்டது. அதற்குள் தன் குரல் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஓசை நின்றது. பேச்சுக் குரல்கள் தெளிவாகக் கேட்டன.

“இன்னொரு தடவ பாடுக்கா.”

“எனக்கும் உடம்பு கொதிக்குதுடா. நாளைக்குப் பாடுறேன், தூங்கு.”

பதிவு முடிந்தது. அன்று படுத்தவள் ஆறு நாள் கழித்துத்தான் கண் விழித்தாள். அதற்குள் சேந்தனை எரித்திருந்தார்கள்.

குமுதா எழுந்து நின்றாள். பதிவில் இருந்த ஓசையைப் போலவே தொண்டையை இழுத்தாள், ஏற்றினாள், இறக்கினாள். ரஹீம் காதைப் பொத்திக்கொண்டான். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“மேடம், போதும். நிறுத்துங்க.”

சரியாகப் பாடுகிறோமா என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. அவள் கண்களை மூடிக்கொண்டு, மூன்று நிமிடமும் பாடி முடித்தாள்.