வலதுபக்கத் தேய்மானம்

பழைய பொருளை வாங்கப் போகிறவன் முதலில் அதைத் திட்ட வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வாய்தவறி வந்துவிட்டால், விற்கிறவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் எஃகுக் குண்டைத் துடுப்பால் தட்டித் தட்டி ஆடுகிற பின்பால் மெஷின் பார்க்கப் போகும்போதெல்லாம் மச்சினன் என்னைக் கூட்டிப் போவான். அவன் என் மனைவியின் தம்பி, விளையாட்டுக்கூடம் நடத்துகிறான். மெஷினுக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். வாயும் கொஞ்சம் நீளம். வீட்டிலும் அந்த வாய்தான். ஆனால் கோபத்தில் எதைப் பேசியிருந்தாலும் இத்தனை வருடத்தில் என் மனைவிமேல் கை ஓங்கியதில்லை. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

அன்று காலை நாங்கள் போன வீடு தெருக்கோடியில் இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே காலெடுத்து வைத்ததும் ஈரச்சுவர் வாடையும், கருகிய வார்னிஷ் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பின்னறையைக் காட்டி, பார்த்துவிட்டு இன்றைக்கே எடுத்துப் போய்விடும்படி மட்டும் சொன்னார். இவ்வளவு அவசரப்படுகிறவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கலாம் என்று மச்சினன் எனக்குக் கண்ணடித்தான்.

பின்னறையின் ஜன்னல்களுக்கு உள்பக்கமாகப் பலகை அடித்திருந்தார்கள். நாற்காலி இல்லை, அலமாரி இல்லை. நடுவில் அந்த மெஷின் மட்டும் நாலு காலில் நின்றது. அதன் முன்னால் தரையில் இரண்டு பாதம் அளவுக்குத் தேய்ந்த இடம் டார்ச் வெளிச்சத்தில் மினுங்கியது.

நான் வேலையை ஆரம்பித்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டேன். மேலே மூடியிருந்த கண்ணாடியை உருவி எடுத்தேன். அடுத்து எஃகுக் குண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குண்டு உள்ளே இருக்கும்போது ஆட்டப்பலகையைத் தூக்கினால் அது உருண்டுபோய் எதையாவது உடைக்கும். இது எனக்குக் கைப்பழக்கம், யோசித்துச் செய்வதில்லை.

பலகையைத் தூக்கி முட்டுக்கொடுத்து உள்ளே டார்ச் அடித்தேன். காயில்கள் சுத்தம். பேட்டரி கசியவில்லை. துடுப்புகள் புதுசுபோல இருந்தன. அருமையான மெஷின். அதனால் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். காயில் போச்சு, கம்பி போச்சு, விறகுக்குத்தான் ஆகும் என்றேன். மச்சினன் சோகமாகத் தலையாட்டினான். அவனுடைய பங்கு அதுதான்.

உண்மையான குறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மெஷினை ஓங்கி அடித்தால் ஆட்டம் தானாக நின்றுவிடும். அதற்கென்றே உள்ளே சின்னதாக ஓர் ஈயக்குண்டு தொங்கும். இதில் அதை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். எவ்வளவு அடித்தாலும் தடுக்க எதுவும் இல்லை. பெட்டியின் வலதுபக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சாயம் போய், வார்னிஷ் போய், மரமே குழிந்திருந்தது.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது.

"யாரும்மா இதுல ஆடினது? ஆடத் தெரியாதவன்தான் இப்படி அடிப்பான். கையாலாகாதவன்."

வாசற்படியில் நின்றிருந்த அம்மாவின் குரல் அடியோடு தணிந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க. அவரு கேட்டுக்கிட்டு இருக்காரு."

யார் என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரர்."

அவர் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது என்று வரும் வழியில்தான் மச்சினன் சொல்லியிருந்தான்.

படார்.

பெட்டியின் வலதுபக்கத்தில் ஓர் அறை விழுந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மெஷின் குலுங்கி நின்றது. பிளக் என் காலடியில்தான் கிடந்தது.

படார்.

இந்த முறை நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தூசி எழும்பியது. திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்து, இடதுகையை உயர்த்திக் கன்னத்தை மறைத்தபடி நின்றார். சத்தத்துக்குப் பிறகு தூக்கிய கையல்ல அது, முன்பே தூக்கியது. அந்த வீட்டில் அறை வாங்கியது மெஷின் மட்டுமல்ல என்று எனக்கு அப்போது புரிந்தது.

என் வலதுகை இன்னும் மெஷினுக்குள் இருந்தது.

எதுவோ அதைத் தொட்டது.

காய்ந்து சூடாக இருந்த ஓர் உள்ளங்கை என் புறங்கைமேல் படிந்தது. விரலோடு விரல் பொருந்தியது. அளவு பார்ப்பதுபோல ஒருமுறை அழுத்தியது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. நான் கையை உருவிக்கொண்டு ஓடினேன். மச்சினன் எனக்கு முன்பே தெருவில் நின்றான். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா என் சட்டைப்பையைப் பார்த்தார், என்னவோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டார். கன்னத்தை மறைத்திருந்த அவருடைய கை மட்டும் மெல்லக் கீழே இறங்கியது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் குண்டு ஞாபகம் வந்தது. அது அடுப்பில் வைத்து எடுத்ததுபோலச் சுட்டது. அன்று மதியம் சாப்பிடும்போது என் வலதுகை மேஜையின் விளிம்பை ஓங்கி அறைந்தது. நான் அறையவில்லை. உப்பு அவ்வளவு குறைவா என்று மனைவி சிரித்தாள். சாயங்காலம் கதவு நிலையை அறைந்தது. அவளுடைய தலைக்கு நாலு விரற்கடை தள்ளி. அதற்கு அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை குண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மா கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். அந்த அம்மா கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். மெஷினை இனி விற்க வேண்டியதில்லை என்றார். குண்டை நீட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க எடுக்கும்போதே பார்த்தேன். தடுக்கல."

எனக்கு ரத்தம் கொதித்தது. தெரிந்தே செய்தீர்களா என்று கத்தினேன். கதவை மூடப்போன நேரத்தில் அவர் கேட்டார்.

"வீட்ல யார் இருக்காங்க?"

"மனைவி மட்டும்."

அவர் தரையைப் பார்த்தார்.

"அவங்கள இன்னைக்கே எங்கயாவது அனுப்பிடுங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. குண்டை அவர் வாசலிலேயே வைத்துவிட்டு நடந்தேன். வழி முழுக்க வலதுகையைப் பேன்ட் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். உன் தம்பி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வா என்று அவளிடம் சாதாரணமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சமையலறையில் அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்போதுதான் பைக்குள் விரல்களுக்கு நடுவே சூடாக, உருண்டையாக ஒன்று உருண்டது.

அவள் திரும்பினாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அவள் தலையைக் குனிந்து, இடதுகையை உயர்த்திக் கன்னத்தை மறைத்துக்கொண்டாள்.

"எதுக்குக் கையைத் தூக்குற?" என்று கேட்டேன்.

"தெரியல. தானா வருது."

பைக்குள் இருந்த கை மெல்ல வெளியே வரத் தொடங்கியது. அதன் மணிக்கட்டை இடதுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பி வீட்டுக்கு ஓடு என்று அவளிடம் சொன்னேன். வாசலுக்குப் போக வேண்டுமானால் அவள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.