ஈ மொய்த்த அறை

பால் தம்ளரின் விளிம்பில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கீதாஞ்சலி கையை ஓங்கினாள், அது அசையவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கொசுவலையில் கிழிசல் இல்லை. நியூ டவுனில் இத்தனை உயரத்து மாடிக்கு ஈ எப்படி வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

மதுரையிலிருந்து வேலைக்கு வந்தவளைக் கல்லூரித் தோழி மதுவந்திதான் தன் ஃபிளாட்டில் சேர்த்துக்கொண்டாள். பெரிய அறையை இவளுக்கு விட்டுவிட்டுத் தான் சின்ன அறைக்கு மாறினாள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டினாள். பாஷை தெரியாத ஊரில் கீதாஞ்சலிக்கு வேறு யாருமில்லை.

மழை பிடித்துக்கொண்டதும் ஈக்கள் பெருகின. ஃபினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தாள், குப்பைக்கூடையை மூடி வைத்தாள், கற்பூரம் கொளுத்தினாள், எலுமிச்சையில் கிராம்பு குத்தித் தலைமாட்டில் வைத்தாள். அத்தனை வாசனைக்கும் அடியில் ஏதோ புளித்த வாடை இழைந்துகொண்டே இருக்க, காதோரத்தில் அந்த ரீங்காரம் தூக்கத்திலும் ஓயாமல் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஹால் மேஜையில் மதுவந்தியின் சந்தேஷ் இனிப்புத் தட்டு திறந்தே கிடந்தது. அதன்மேல் ஒரு ஈகூட இல்லை. எல்லாம் கீதாஞ்சலியின் கைகளில், கழுத்தில், இமையில்.

"உன்மேல ஏன்டி உக்காரவே மாட்டேங்குது?"

மதுவந்தி செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை. "முன்னாடி உக்காந்துச்சு," என்றாள்.

கீதாஞ்சலி அறைக்குப் போய்ப் பெட்டியை இழுத்தாள். தன் தலையணையை எடுத்தபோது விரல்கள் பிசுபிசுத்தன. உறையைத் திருப்பினாள். உள்பக்கம் முழுக்க வெல்லப்பாகு. இன்னும் காயாத பாகு. இன்று பூசியது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"மது, கதவத் திற."

பதிலாக டேப் கிழிபடும் சத்தம். கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் மேலிருந்து கீழாக மறைந்தது.

"நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்டி," என்றாள் மதுவந்தி. அழுதுகொண்டிருந்தாள். "அதுங்கள வெளிய அனுப்ப முடியாது. ஒரு ஆளக் குடுத்தா மத்தவங்கள விட்டுடுது."

"அதுக்குத்தான் என்னக் கூப்பிட்டியா?"

காலடி ஓசை நகர்ந்துபோனது. வாசல் கதவு. லிஃப்ட்.

பிறகுதான் உறைத்தது. ரீங்காரம் நின்றிருந்தது.

கீதாஞ்சலி மெல்லத் திரும்பினாள். கழுத்தில் ஒன்றுமில்லை. சுவரில் ஒன்றுமில்லை. எல்லாம் கட்டிலில் இருந்தன. கறுப்பாக. அடர்த்தியாக. அவள் படுக்கும் இடத்தில், அவள் படுப்பதுபோலவே ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கை வைத்து, ஓர் உருவம்.

அதன் விலா ஏறி இறங்கியது.

பிறகு, அவளுக்கு இடம் விட்டு, மெதுவாகச் சுவரோரம் நகர்ந்து படுத்தது.