வாரேன்

வீட்டு வேலைக்கு வரும் அழகி ஊரிலேயே இல்லை என்பது சூசைமேரிக்கு அன்று காலையில்தான் தெரிந்தது.

"மக பேறுகாலத்துக்கு நாட்டரசன்கோட்டை போயி ஒரு வாரமாச்சே," என்றார் அவள் கணவர் சாலமன், அவள் நெஞ்சில் தொங்கிய துணிப்பைக்குக் குனிந்து. "அன்னைக்கே சொன்னேன். ஒனக்கு மிஷினு மங்கிக் கெடந்துச்சு."

காது மிஷின் அந்தப் பைக்குள் இருந்தது; அதிலிருந்து ஒரு வயர் காதுக்கு ஏறும். பைக்குப் பக்கத்தில் வாய் வைத்துப் பேசினால்தான் அவளுக்குச் சொல் சொல்லாகப் பிரியும். மச்சான் பையோடுதான் குடித்தனம் நடத்துகிறார் என்று தம்பி ஆரோக்கிய பிரபு கேலி பேசுவான்.

சாலமன் சிவகங்கை பஸ்ஸுக்குப் போய்விட்டார்; திரும்பி வர மறுநாள் ஆகும். அவளுக்குக் கை ஓடவில்லை. கல்யாணம் காட்சிக்கு மட்டும் கண்டனூர் வருகிற நாச்சியப்பன் குடும்பத்துக்காக, அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டில் இவர்கள் இருவரும் காவலுக்கு இருந்தார்கள். பெருக்கித் துடைப்பது அழகி. வேலை முடிந்ததும் இரண்டாங்கட்டிலிருந்தே "வாரேன்" என்பாள். கிளம்புகிறவள் போகிறேன் என்றா சொல்வாள்? இவளும் எட்டிக்கூடப் பார்க்காமல் "சரி, வா" என்பாள்.

இந்த ஒரு வாரமும் சாயங்காலமானால் "வாரேன்" கேட்டது. ஒரு வாரமும் இவள் "சரி, வா" என்றாள்.

 ஒரே ஆறுதல், அந்தக் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. யாராகவோ இருக்கட்டும், போய்க்கொண்டிருக்கிறது. போகட்டும்.

மத்தியானம் காரைக்குடியிலிருந்து தம்பி வந்து, மிஷினில் புதுப் பேட்டரிக் கட்டையைப் போட்டுவிட்டான்.

"சார்ஜ் பேட்டரிக்கா. சிங்கப்பூர் சரக்கு. இன்னும் முழுசா சார்ஜ் ஏத்தலை. கடையில வாங்குற கட்டை சாகுறதுக்கு முன்னாடி மங்கிக்கிட்டே போகும். இது கடேசி வரைக்கும் ஒரே சத்தம். அப்புறம் பொசுக்குன்னு நின்னுரும்."

அவன் போய் வெகுநேரம் கழித்துத்தான் அது உறைத்தது. அப்படியானால் இந்த வாரம் மங்கியது குரலா, கட்டையா?

இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துக் கரண்டும் போனது. மெழுகுவர்த்தியை ஏற்றினாள். புதுக் கட்டையின் புண்ணியத்தில், முற்றத்துத் தகரத்தில் விழும் ஒவ்வொரு துளியும், உத்தரத்தில் வௌவால் புரள்வதும், பூட்டிக் கிடக்கும் அறைகளிலிருந்து கசியும் பழந்துணி வாடைக்கு நடுவே தன் சேலை உரசுவதும்கூட அவளுக்குத் துல்லியமாகக் கேட்டன. தெருவாசலில் போய் உட்காரலாம் என்று குடையை எடுத்தாள். வாசலுக்குப் போக இரண்டாங்கட்டைத் தாண்ட வேண்டும். வேறு வழியில்லை.

"வாரேன்."

இரண்டாங்கட்டிலிருந்து அல்ல. இந்தப் பக்கம், பின்கட்டு நடைவழி இருட்டிலிருந்து. கொஞ்சமும் தேயாத குரல். அழகியின் குரலே அல்ல.

பழக்கதோஷம். நாக்கின் நுனிவரை வந்துவிட்ட "சரி, வா"வைக் கையால் வாயைப் பொத்தி விழுங்கினாள். அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"வாரேன்."

கதவுக்கு வெளியே. அது விடைபெறவே இல்லை. ஒரு வாரமாக வந்துகொண்டிருந்தது. அவள்தான் தினமும் கூப்பிட்டாள்.

கைப்பிடி அசையும் ஓசை. தாழ் மெல்ல நகரும் ஓசை.

பொசுக்கென்று எல்லாம் நின்றது.

மழை இல்லை. தாழ் இல்லை. எதுவும் இல்லை. காதில் பஞ்சு அடைத்ததுபோல் அமைதி. கதவு திறந்து கிடந்தது.

வந்தது எங்கே?

சன்னலில் போட்டு வைத்திருந்த பழைய கட்டையைத் தேடி எடுத்து, மிஷினுக்குள் திணித்தாள். சோதிக்க, "மாதாவே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. கட்டை செத்துவிட்டது. அவளுக்கு உயிர் வந்தது. இனி எதுவும் கேட்காது.

"வந்துட்டேன்."

பிரித்துப் பிரித்து, தெளிவாக.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். எதிரே ஆள் இல்லை. நெஞ்சில் தொங்கிய துணிப்பை மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது. அதன்மேல் ஒரு வாய் அளவுக்கு ஈரம், மூச்சுக்கு மூச்சு பெரிதாகிக்கொண்டிருந்தது.