வேனுக்கு மூக்கு எங்கே?

சிறுமலையின் தோளில் ஒரு வெள்ளை மேகம் உட்கார்ந்திருந்தது. பேகம்பூரில் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று ரஃபியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அது நகரவே இல்லை. தூங்குகிறதோ என்னவோ! நாளைக்கும் அது அங்கேயே இருக்க வேண்டும் என்று அவள் கண்ணை மூடி இறைவனிடம் கேட்டுக்கொண்டாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு ரூபி தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்ததும், ரஃபியாவின் அப்பா இரண்டு பேரையும் வேனில் சிறுமலைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். ரஃபியாவுக்கும் ரூபிக்கும் பத்து வயது. இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே ஆசை. மேகத்தைக் கையால் தொட்டுவிட வேண்டும்.

"ரஃபியா! வண்டிக்குப் புகை பிடிக்கப் போறேன், வாரியா?" கீழேயிருந்து அத்தா கூப்பிட்டார். அப்பாவை அவள் அத்தா என்றுதான் அழைப்பாள்.

ரஃபியா படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். "வேன் புகை பிடிக்குமா அத்தா? புகை பிடிக்கிறது தப்புன்னு டீச்சர் சொன்னாங்களே!"

அத்தா விழுந்து விழுந்து சிரித்தார். "வேன் பிடிக்காது தாயி. வேன் விடுற புகைய நாமதான் பிடிச்சுப் பாக்கணும். அளவோட இருந்தா சர்டிபிகேட் குடுப்பாங்க. பழசு இன்னைக்கோட முடியுது. புதுசு இல்லாம நாளைக்கு நான் வண்டிய ரோட்டுல எடுக்க மாட்டேன்."

"அப்ப மேகம்?"

"அதான் இப்பவே போறோம்ல. ஏறு!"

அத்தாவின் பெயர் முகமது ரஃபீக். அவருக்குக் கடைவீதியில் வெங்காயக் கடை. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கடைக்குச் சின்ன வெங்காயம் ஏற்றி வருவது இந்தப் பழைய வெள்ளை ஆம்னி வேன்தான். மூட்டைகளை இறக்கிய பிறகும் வெங்காயத் தோல்கள் மட்டும் வேனை விட்டு இறங்காது. வேன் ஓடத் தொடங்கியதும் அந்த மெல்லிய சிவப்புத் தோல்கள் எழுந்து சுற்றிச் சுற்றிப் பறக்கும். வண்ணத்துப்பூச்சிகள் நிறைந்த ஓர் அறை தன்னைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதாக ரஃபியா நினைத்துக்கொள்வாள்.

வேன் கிளம்பியது. ரூபி தன் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கக் கண்ணாடியில் ரஃபியா பார்த்தாள். ரூபி முகத்துக்கு நேரே கையை வேகவேகமாக அசைத்தாள். வேன் கிளம்பும்போதெல்லாம் அவள் இப்படித்தான் டாட்டா காட்டுவாள். எவ்வளவு பாசம்! ரஃபியாவும் கையை வெளியே நீட்டி அதே வேகத்தில் அசைத்தாள்.

பெட்ரோல் பங்க்கின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டரோடும் நீளமான குழாயோடும் மன்சூர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ரஃபீக் பாய்! வாம்மா பாப்பா!"

மன்சூர் வேனின் நம்பரைப் படம் எடுத்தார். குழாயின் நுனியைச் சைலன்சருக்குள் நுழைத்தார். "பாய், ஆக்சிலேட்டர மிதிங்க. இன்னும்... இன்னும்!"

புகை எப்படி வரும், பூவாக விரியுமா, வளையமாகச் சுருளுமா என்று பார்க்கும் ஆசையில் ரஃபியா வேனுக்குப் பின்னால் போய் நின்றாள். வேன் உறுமியது. கரும்புகை குபுக்கென்று வந்து அவள் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. தொண்டை கமறியது. இருமிக்கொண்டே அவள் முகத்துக்கு நேரே கையை வேகவேகமாக அசைத்தாள்.

சட்டென்று அவள் கை நின்றுவிட்டது.

இது ரூபியின் டாட்டா அல்லவா!

ரஃபியா எப்போதும் வேனின் முன் சீட்டில்தான் உட்காருவாள். வேனுக்குப் பின்னால் அவள் நிற்பது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் ரூபி டாட்டா காட்டவில்லை. புகையை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள்கூட முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. மன்சூர் உதட்டைப் பிதுக்கினார். "பெயிலு, பாய். இருக்க வேண்டியதுல ரெண்டு மடங்கு இருக்கு."

"என்ன தம்பி இப்படிச் சொல்ற? நாளைக்குப் புள்ளைகள மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேனே."

"இன்னைக்குன்னு பாத்து மெக்கானிக் கடை பூட்டியிருக்கு. திங்கக்கிழமைதான் தொறப்பாங்க." மன்சூர் தலையைச் சொறிந்தார். பின்னால் ஒரு புத்தம் புதுக் கார் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து ஜெரோம் என்பவர் இறங்கி நின்றார். மன்சூர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். உங்க நம்பரத்தான் போட்டோ எடுத்துட்டேன்ல. குழாய சாரோட கார்ல சொருகிடுறேன். சுத்தமா பாஸாகும். பாப்பாவும் சந்தோசமா மலைக்குப் போகும்."

அத்தா வேனையும் அந்தக் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "என்ன தாயி, செஞ்சுருவோமா?"

ரஃபியாவின் மனக்கண்ணில் அந்த வெள்ளை மேகம் வந்து நின்றது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில். அவளுக்கு அழுகை முட்டியது.

"வேணாம் அத்தா."

"ஏன்மா? நாளைக்குப் போக முடியாதே."

"அது அந்தக் கார் விட்ட மூச்சு அத்தா. நம்ம வேன் விடுறது அப்படியேதானே இருக்கும்? அது ரூபி மூஞ்சியிலதானே போய் அடிக்கும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேகத்தைப் பெறகு பாத்துக்கலாம்."

மன்சூர் குழாயைச் சுருட்டிக் கீழே வைத்தார். ஜெரோம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ரஃபியா வேனின் வெள்ளை உடம்பைத் தடவிக் கொடுத்தாள். பாவம், அதுவும் வேண்டுமென்றா புகை விடுகிறது? அவளுக்கு ஒன்று தோன்றியது.

"மாமா, வேன் மூச்சு விடுறது இந்தச் சைலன்சர்லன்னா, மூச்சு வாங்குறது எதுல?"

"என்ன பாப்பா?"

"எனக்குச் சளி பிடிச்சா மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வரும். அம்மா மொதல்ல மூக்கத்தான் சிந்தச் சொல்வாங்க. வேனுக்கு மூக்கு எங்க?"

மன்சூர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "பாய், ஏர் ஃபில்டர எப்பக் கடைசியா பாத்தீங்க?"

"அது எங்கப்பா இருக்கு?"

"சரியாப்போச்சு! முன் சீட்டுக்கு அடியில. பாப்பா உக்காருமே, அங்க."

"அய்யய்யோ!" என்று கத்தினாள் ரஃபியா. "நான் வேனோட மூக்கு மேலயா உக்காந்து வாரேன்?"

மன்சூரும் அத்தாவும் ரஃபியாவும் சேர்ந்து சீட்டைத் தூக்கினார்கள். மன்சூர் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மெத்தை தைத்து வைத்ததுபோல வெங்காயத் தோல்! அடுக்கடுக்காக அமுங்கிக் கிடந்தது.

"இம்புட்டையும் மூக்குல அடைச்சா அது எப்படி பாய் மூச்சு வாங்கும்? காத்து பத்தாம பெட்ரோல் சரியா எரியல. அதான் கரும்புகை."

"வெங்காயம் நம்மளத்தான் அழ வைக்கும்னு நெனச்சேன். வண்டியையுமா?" என்றார் அத்தா.

ரஃபியா தோல்களைக் கை கையாக அள்ளி ஒரு பையில் போட்டாள். ஜெரோம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். டயருக்குக் காற்றடிக்கும் குழாயை இழுத்து வந்து அவரே பிடித்துக்கொண்டார். "எனக்கு அவசரம்தான். ஆனா இந்த வண்டி என்ன மார்க் எடுக்குதுன்னு பாக்காமப் போக மாட்டேன்!" காற்று பீய்ச்சியடித்தது. ஃபில்டரின் மடிப்புகளில் ஒளிந்திருந்த தோல்கள் எல்லாம் துள்ளி எழுந்து, மாலை வெயிலில் மினுமினுத்துக்கொண்டு பறந்து போயின.

மறுபடியும் சோதனை. "பின்னாடி நிக்காத தாயி" என்றார் அத்தா.

"நான் நின்னுதான் பாப்பேன்" என்றாள் ரஃபியா.

வேன் உறுமியது. இந்த முறை வெதுவெதுப்பான காற்று மட்டும்தான் வந்தது. எண்கள் ஏறின, தயங்கின, கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டன.

"பாஸ்!" என்றார் மன்சூர். "ஓரமாத்தான் பாஸு. திங்கக்கிழமை புது ஃபில்டர் வாங்கி மாட்டிருங்க."

சான்றிதழ் சுடச்சுட அச்சாகி வந்தது.

மறுநாள் காலை வேன் வளைந்து வளைந்து மலை ஏறியது. ரஃபியா அன்று பின் சீட்டில் ரூபியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி நீ என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ரூபி நெளிந்தாள். "நீ அவ்வளவு ஆசையாக் கை காட்டுவியா... எப்படிடி சொல்றது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு வளைவில் அத்தா வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். எங்கும் ஓசையே இல்லை. மரங்களுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக, மிக மெதுவாக அது வந்தது. ஜன்னல் வழியாக வேனுக்குள் நுழைந்து மூன்று பேரையும் தொட்டுவிட்டு நின்றது.

"ஏய், இதுவும் புகைதானோ?" என்று கிசுகிசுத்தாள் ரூபி.

ரஃபியா கையை நீட்டி, மேகத்துக்குள் நன்றாக விட்டு எடுத்தாள். உள்ளங்கை ஈரமாக, சில்லென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். மன்சூர் மாமாவைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அறிவித்தாள்:

"மேகம் பாஸ்!"