கடற்கரை வளாகத்தை எடுத்தவள்

"அம்மா தாயே, அப்படியே நில்லுங்க... அடுத்த காலை எடுத்து வைக்காதீங்க."

குடை பிடித்திருந்த பெண் நின்றாள். பல்கலைக்கழக வளாக வாசலில் அன்று காலையில்தான் முதல் பகுதி பூசிய சிமெண்டுத் தரை. தூறல் விழுந்ததும் கொத்தனார் அதன்மேல் தார்ப்பாயை விரித்துவிட்டு ஒதுங்கியிருந்தான். வளாகம் பார்க்க வருகிறவர்கள் காலில் சேறு படாமல் இருக்கத்தான் பாய் என்று எண்ணி, அவள் பாதி தூரம் வந்துவிட்டாள்.

"பாய் விரிச்சு வரவேத்துட்டு இப்பத் திட்டுறீங்களே."

"வரவேற்பா... என் அரை நாள் உழைப்பு அது."

திரும்பிப் பார்த்தாள். இமையில் ஒரு மழைத்துளி. கோபம் எந்தப் பக்கம் போனதென்று அவனுக்குத் தெரியவில்லை. சிமெண்டு பூசும் கரணையை எடுத்துக்கொண்டு மறுபடி குந்தினான்.

"நான் மிதிச்சிருந்தா இந்நேரம் கரணை பறந்திருக்கும்" என்றாள் அவனுக்குக் கலவை எடுத்துக்கொடுக்கும் சித்தாள் அக்கா.

மறுநாளும் அவள் வந்தாள். அதற்கடுத்த நாளும்... ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஊருக்கு ஊர் வளாகம். அவளுக்கு இரண்டில் இடம் கிடைத்திருந்தது. இது வீட்டிலிருந்து ஒரு பஸ். அப்பாவுக்கு இதுதான் வேண்டும். மற்றது கடற்கரையில், ராத்திரி முழுக்க ரயில். கடல் உயிர்களைப் பற்றிய படிப்பு அங்கே மட்டும்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். நீங்க சொல்லுங்க, எதை எடுக்கட்டும்?"

அவன் மட்டப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தான். இந்தத் தரை முடிந்தால் அவனுக்கும் அக்காவுக்கும் அடுத்த வேலை அந்தக் கடற்கரை வளாகத்தில்தான். புது விடுதி, இரண்டு வருஷ வேலை. ஒரு வார்த்தை போதும். ஆனால், தன் ஆசைக்கு ஒருத்தியின் படிப்பை வளைப்பதா...

"இங்கயே படிங்க. வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்."

அவள் முகம் வாடியது. குடையை விரித்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள்.

"கடற்கரையைத்தான் எடுத்துட்டேன். அப்பா என்கூடப் பேசல."

"நல்லதுதான்."

"நல்லதா... நீங்க இங்க இருக்கீங்களேன்னு ராத்திரி பூரா புரண்டேன். ஆனாலும் அந்தப் படிப்பை விட மனசு வரல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவன் பலகையையே பார்த்தபடி இருந்தான். அக்கா கலவைச் சட்டியை இறக்கி வைத்தாள். "வாயில என்னடா, கலவையா வச்சிருக்க?"

அவன் எழுந்தான்.

"நாங்களும் திங்கக்கிழமை அங்கதான் போறோம். விடுதி கட்ட."

"தெரிஞ்சுதான் இங்கயே படின்னு சொன்னீங்களா?"

"எனக்காக நீங்க வந்த மாதிரி ஆயிடுமேன்னு..."

"நினைப்புதான். நான் கடலுக்காகப் போறேன்."

"அப்படின்னா தைரியமாச் சொல்லலாம்" என்றான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."